கியூஜிஐஎஸ் வரைபடத்தில் எங்கே தப்பு? அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழிமுறை

சிவப்புப் பட்டையில் பிழைச் செய்தி வந்தால் நிம்மதி. எங்கே இடிக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். சுற்றுச்சூழல் வரைபட வேலையில் ஆளைக் கவிழ்ப்பவை சத்தமில்லாத பிழைகள்தான். கருவி ஓடி முடியும், வண்ணமும் அழகாக விழும், எண் மட்டும் தப்பாக இருக்கும். கீழே பாதிக்கு மேல் அந்த ரகம்.

இந்த வழிமுறை வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸின் 3 வரிசைப் பதிப்புகளுக்கும், அதனோடு வரும் ஜிடால் கருவிகளுக்கும் பொருந்தும். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடச் சோதனை முதலில் வரும், தரவை மறுபடி சேகரிக்க வேண்டிய நிலை கடைசியில் வரும். தொடங்கும் முன் மூலக் கோப்புகளைத் தனிக் கோப்புறையில் நகலெடுத்து வையுங்கள். வியூ மெனுவில் பேனல்ஸ் போய் லாக் மெசேஜஸ் பலகத்தையும் திறந்து வையுங்கள்.

## அறிகுறி 1: அடுக்கைச் சேர்த்தாயிற்று, திரையில் ஒன்றுமே இல்லை

முதலில் அடுக்கின் (வரைபடத்தில் சேர்த்த ஒரு தரவுக் கோப்பு) பெயர் மேல் வலது சொடுக்கி "ஜூம் டு லேயர்" கொடுங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே முடியும். தெரியவில்லை என்றால் "ஷோ ஃபீச்சர் கவுன்ட்" போட்டுப் பாருங்கள். சுழியம் என்று வந்தால் கோப்பே காலி, அல்லது அடுக்கில் ஒரு வடிகட்டி மாட்டியிருக்கிறது. எண்ணிக்கை சரியாக வந்தும் படம் தெரியவில்லை என்றால், ரெண்டரிங் தாவலில் குறிப்பிட்ட அளவுகோலில் மட்டும் காட்டும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிதாக்கினால் அடுக்கு தெரிகிறது, ஆனால் வேறெங்கோ தெரிகிறது என்றால் அது எங்கே போய் விழுந்தது என்பதுதான் துப்பு.

### கினி வளைகுடாவில், சுழியத்துக்குப் பக்கத்தில் விழுந்தால்

ஒரே ஒரு புள்ளி அங்கே இருந்தால் யாரோ ஆயத்தொலைவை எழுதாமல் விட்டிருக்கிறார்கள், காலிக் கட்டம் 0,0 ஆகிவிட்டது. முழு அடுக்கும் அங்கேயே ஒரு பொட்டு அளவுக்குச் சுருங்கித் தெரிந்தால், மென்பொருள் பாகை எண்களை மீட்டராகப் படித்திருக்கிறது. அடுக்கின் சிஆர்எஸ் (ஆயத்தொலைவுகள் எந்த முறையில் உள்ளன என்ற குறிப்பு) தப்பாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. இதற்கான மருந்து சற்றுக் கீழே.

### வேறு கண்டத்தில் விழுந்தால்

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன. அட்சரேகை 11, தீர்க்கரேகை 79 உள்ள ஒரு புள்ளியை மாற்றிப் போட்டால் அது ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு தீவுப் பக்கம் போய் உட்காரும். தீர்க்கரேகை 90-ஐத் தாண்டிய இடமாக இருந்தால் அப்படி ஓர் அட்சரேகையே கிடையாது, ஆகையால் புள்ளி காணாமலே போகும்.

சிஎஸ்வி கோப்பைச் சேர்க்கும்போது எக்ஸ் கட்டத்தில் தீர்க்கரேகை, ஒய் கட்டத்தில் அட்சரேகை. ஜியோஜேசன் வகைக் கோப்பில் தீர்க்கரேகை முதலில் வரும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்திலிருந்து தரவு கேட்கும் ஓவர்பாஸ் வினவலில் எல்லைப் பெட்டி தெற்கு, மேற்கு, வடக்கு, கிழக்கு என்ற வரிசை, அதாவது அட்சரேகை முதலில். இணையம் வழி அடுக்குத் தரும் டபிள்யூஎஃப்எஸ் சேவையில் 1.1 பதிப்பு முதல் பல சேவையகங்கள் அட்சரேகையை முதலில் அனுப்புகின்றன. இணைப்பு அமைப்பில் "இன்வர்ட் ஆக்சிஸ் ஓரியன்டேஷன்" பெட்டியைக் குறித்தால் சரியாகும். ஏற்கெனவே உள்ள அடுக்குக்கு "ஸ்வாப் எக்ஸ் அண்ட் ஒய் கோஆர்டினேட்ஸ்" கருவி போதும்.

### சில கிலோமீட்டர் முதல் சில பத்துக் கிலோமீட்டர் தள்ளி, சிதறலாக விழுந்தால்

இது கையால் தட்டச்சான கள ஏடுகளில் வரும். 11 பாகை 30 கலை (60 கலை ஒரு பாகை) என்பதை 11.30 என்று எழுதிவிடுவார்கள், ஆனால் சரியான மதிப்பு 11.5. வித்தியாசம் 0.2 பாகை, தரையில் 22 கிலோமீட்டர். கண்டுபிடிக்க ஒரு சுருக்கு வழி உண்டு. ஆயத்தொலைவு நெடுவரிசையில் புள்ளிக்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கங்களை மட்டும் பாருங்கள். ஐம்பது வரிகளில் ஒன்றுகூட 59-ஐத் தாண்டவில்லை என்றால் அவை கலைகள்தான். முழு எண்ணோடு கலையை 60-ஆல் வகுத்துக் கூட்டுங்கள். சில வரிகள் கலையிலும் சில வரிகள் தசமத்திலும் கலந்திருந்தால் கணக்கு போட்டு மீட்க முடியாது, ஏட்டை எழுதியவரிடம்தான் போக வேண்டும்.

### அடுக்கின் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருந்தால்

சிஆர்எஸ் விவரம் இல்லை. ஷேப்ஃபைல் (பல துணைக் கோப்புகள் சேர்ந்த வரைபடக் கோப்பு வகை) அனுப்பியவர், சிஆர்எஸ்ஸைச் சொல்லும் பிஆர்ஜே கோப்பை விட்டுவிட்டு அனுப்பியிருப்பார். முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் லேயர் புராப்பர்ட்டீஸ், இன்ஃபர்மேஷன் தாவலில் "எக்ஸ்டென்ட்" எண்களைப் படியுங்கள்:

- 180-க்கும் 90-க்கும் உட்பட்டவை: பாகை. பெரும்பாலும் ஈபிஎஸ்ஜி:4326 (ஈபிஎஸ்ஜி என்பது சிஆர்எஸ்களுக்கான எண் பட்டியல்).
- எக்ஸ் ஆறு இலக்கம், ஒய் ஏழு இலக்கம் வரை: பெரும்பாலும் யூடிஎம் (உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரிக்கும் முறை), மீட்டரில்.
- எக்ஸ் எண் 10 லட்சத்தைத் தாண்டி 2 கோடி வரை போனால்: பெரும்பாலும் இணைய வரைபடங்களின் ஈபிஎஸ்ஜி:3857.

யூடிஎம் மண்டலத்தைக் கண்டுபிடிக்கத் தீர்க்கரேகையோடு 180 கூட்டி, 6-ஆல் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு 1 கூட்டுங்கள். 79-க்கு 259 வகுத்தல் 6, முழு எண் 43, ஆகவே மண்டலம் 44. வட கோளத்தில் 32600-உடன் மண்டல எண்ணைக் கூட்டினால் ஈபிஎஸ்ஜி குறியீடு கிடைக்கும், அதாவது 32644. தென் கோளத்துக்கு 32700.

இங்கே ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் சிதறக் கூடாது. "செட் லேயர் சிஆர்எஸ்" என்பது டப்பாவின் மேல் ஒட்டியுள்ள சீட்டை மாற்றுவது. "ரீபுரொஜெக்ட் லேயர்" உள்ளே இருக்கும் பண்டத்தையே மாற்றுவது. சீட்டு தப்பாக இருந்தால் மட்டும் முதலாவது, சீட்டு சரியாக இருந்து வேறு முறைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் இரண்டாவது. யூடிஎம் வேண்டும் என்று பாகைத் தரவின் மேல் யூடிஎம் சீட்டை ஒட்டிவிட்டுப் பிறகு அதை ரீபுரொஜெக்ட்டும் செய்தால், தப்பு கோப்புக்குள் நிரந்தரமாகப் பதிந்துவிடும். மூல நகல் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

## அறிகுறி 2: சரியான ஊரில்தான் விழுகிறது, ஆனால் கொஞ்சம் தள்ளி

மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். சாலைச் சந்திப்பு, பாலத்தின் முனை போன்ற தெளிவான இடங்களாக, ஒன்றுக்கொன்று தொலைவில் எடுங்கள்.

மூன்றிலும் ஒரே திசை, ஒரே தூரம், நூறு மீட்டருக்கு மேல். பழைய டேட்டம் (ஆயத்தொலைவுகளை அளக்க எடுத்துக்கொண்ட பூமி மாதிரி). பழைய தாள் வரைபடங்களிலிருந்து எடுத்த தரவை இன்றைய ஜிபிஎஸ் டேட்டமான டபிள்யூஜிஎஸ் 84 என்று குறித்திருப்பார்கள். வரைபடத்தின் ஓரக்குறிப்பில் டேட்டத்தின் பெயர் அச்சாகியிருக்கும், அதற்குரிய ஈபிஎஸ்ஜி குறியீட்டை "செட் லேயர் சிஆர்எஸ்" வழியே கொடுங்கள். உருமாற்றப் பட்டியல் திறந்தால் துல்லிய நெடுவரிசையைப் பார்த்து, உங்கள் பகுதியை உள்ளடக்கியதில் மிகக் குறைந்த மீட்டர் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றிலும் வெவ்வேறு திசை. ஸ்கேன் செய்த வரைபடத்தைப் பொருத்தியதில் கோளாறு. கட்டுப்பாட்டுப் புள்ளிகள் (இடம் தெரிந்த பொருத்துப் புள்ளிகள்) ஒரு மூலையிலேயே குவிந்திருக்கும். நான்கு மூலைகளிலும் நடுவிலுமாகப் பரப்பி, எச்சப்பிழை (பொருத்திய பின்னும் மிஞ்சும் விலகல்) அதிகமுள்ள புள்ளியை நீக்கிவிட்டுத் திரும்பப் பொருத்துங்கள்.

ஐந்து பத்து மீட்டர் மட்டும். தரவைத் தொடாதீர்கள். பின்னணிச் செயற்கைக்கோள் படமே அந்த அளவுக்கு நகர்ந்திருக்கலாம். கைபேசி ஜிபிஎஸ் திறந்த வானத்தின் கீழ் சுமார் 5 மீட்டர் வரை தவறும், அடர்ந்த மரநிழலில் அதைவிடப் பல மடங்கு. கள செயலி பதிவுசெய்த துல்லிய நெடுவரிசை இருந்தால், 10 மீட்டருக்கு மேல் உள்ளவற்றைத் தனி நிறத்தில் காட்டுங்கள்.

நில உரிமை, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லை, வழக்கு ஆகியவற்றில் இந்த வரைபடம் போய் நிற்கப்போகிறது என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு, உரிமம் பெற்ற நில அளவையாளரை அழையுங்கள். எத்தனை மென்பொருள் இருந்தாலும் கைபேசிப் புள்ளி எல்லைக்கல் ஆகாது.

## அறிகுறி 3: பரப்பளவு நம்பும்படியாக இல்லை

0.0000 என்று வருகிறது. பாகை அடுக்கில் "ஏரியா ஜியாமெட்ரி" வகைச் சூத்திரம் போட்டிருக்கிறீர்கள், விடை சதுரப் பாகையில் வருகிறது. டாலர் குறியோடு தொடங்கும் ஏரியா சூத்திரம் நீள்கோளத்தை (பூமியின் சற்றுத் தட்டையான உருண்டை வடிவம்) வைத்துக் கணக்கிடும். புராஜெக்ட் புராப்பர்ட்டீஸ், ஜெனரல் தாவலில் நீள்கோளம் காலியாக இல்லை என்பதையும் அலகு எது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் கூடுதலாக வருகிறது. இது ஆபத்தானது, ஏனென்றால் எண் நம்பும்படி இருக்கும். அடுக்கு 3857-இல் இருந்தால் தளப் பரப்பளவு உண்மையைவிட வீங்கும். நிலநடுக்கோட்டில் வீக்கமில்லை, 11 பாகையில் சுமார் 4 சதவீதம், 30 பாகையில் மூன்றில் ஒரு பங்கு, 45-இல் இரு மடங்கு, 60-இல் நான்கு மடங்கு. சிறு பகுதிக்கு யூடிஎம்முக்கும், பல மண்டலங்களில் பரவிய பகுதிக்கு ஈபிஎஸ்ஜி:6933 போன்ற சமபரப்பு முறைக்கும் ரீபுரொஜெக்ட் செய்யுங்கள்.

பிக்சலை எண்ணிப் பெருக்கியது தப்பாக வருகிறது. ஈஎஸ்ஏ வேர்ல்டுகவர் (ஐரோப்பிய விண்வெளி முகமையின் நிலப்பரப்பு வகை வரைபடம்) "10 மீட்டர்" தரவு என்பதால் பிக்சலுக்கு 100 சதுர மீட்டர் என்று பெருக்கிவிடுகிறார்கள். அந்தக் கோப்பு பாகையில் இருக்கிறது, ஒரு பிக்சல் 12,000-இல் ஒரு பாகை. நிலநடுக்கோட்டில் அது சுமார் 86 சதுர மீட்டர், 30 பாகையில் சுமார் 74. ஆக, காட்டுப் பரப்பு ஆறில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை ஊதிப்போகும். சமபரப்பு முறைக்கு மாற்றிய பிறகே எண்ணுங்கள். எப்படி மாற்றுவது என்பதில் ஒரு பொறி இருக்கிறது, அறிகுறி 6 பார்க்க.

500 மீட்டர் பஃபர் (ஒன்றைச் சுற்றி வரையும் வளையப் பரப்பு) உலகத்தையே மூடிவிட்டது. பாகை அடுக்கில் 500 என்பது 500 பாகை. யூடிஎம்முக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள்.

## அறிகுறி 4: செயற்கைக்கோள் படம் கறுப்பாக, வெளுப்பாக, கோடு கோடாக

முழுக்கக் கறுப்பு என்றால் அநேகமாகக் காட்சி அமைப்புதான் காரணம். சிம்பாலஜியில் குறைந்தபட்ச, அதிகபட்ச மதிப்பை "கியூமுலேட்டிவ் கவுன்ட் கட்" 2 முதல் 98 சதவீதம் என்று வைத்து, "ஸ்ட்ரெட்ச் டு மின்மேக்ஸ்" கொடுங்கள். மேகம் நிறைந்த படத்தில் மேகத்தின் வெளிச்சம் மற்றதை அமுக்கிவிடும். அப்போது புள்ளிவிவர எல்லையை "கரன்ட் கேன்வாஸ்" என்று மாற்றி, மேகமில்லாத இடத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

நிறம் விசித்திரமாக இருந்தால் பட்டை (ஒவ்வோர் ஒளி நிறத்துக்குமான தனிப் படம்) வரிசை தப்பு. சென்டினல்-2 செயற்கைக்கோளில் இயல்பு நிறத்துக்கு 4, 3, 2. தாவரத்தைச் சிவப்பாகக் காட்ட 8, 4, 3. லாண்ட்சாட் 8, 9-இல் அதே காட்சிக்கு 5, 4, 3.

ஒரு பக்கம் கறுப்பு முக்கோணம் இருந்தால் அது சுற்றுப்பாதையின் விளிம்பு. பக்கத்து நாளின் படத்தை எடுத்து இணைக்க வேண்டியதுதான். லாண்ட்சாட் 7 படத்தில் சாய்ந்த கோடுகள் தெரிந்தால் தேதியைப் பாருங்கள். 2003 மே 31-இல் அதன் வருடல் திருத்தக் கருவி பழுதானது, அதற்குப் பிந்தைய படங்களில் சுமார் 22 சதவீதப் பிக்சல் கிடையாது. மருந்தில்லை. அதே காலத்துக்கு லாண்ட்சாட் 5 படம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

## அறிகுறி 5: என்டிவிஐ (தாவரப் பசுமைக் குறியீடு) மதிப்பு கோணல்

### எல்லாம் 0, அல்லது 0-உம் 1-உம் மட்டும்

வெளியீடு முழு எண்ணாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. ஜிடால் கால்க்கில் வெளியீட்டு வகையை ஃப்ளோட்32 (தசம எண்) என்று தர வேண்டும். அது மட்டும் போதாது. உள்ளீடு குறியில்லாத 16 பிட் எண் என்றால் கழித்தல் எதிர்மறைக்குப் போகாமல் 65,000 பக்கம் சுற்றிக்கொள்ளும். சூத்திரத்துக்குள்ளேயே இரு பட்டைகளையும் "ஆஸ்டைப் ஃப்ளோட்" கொண்டு மாற்றுங்கள். கியூஜிஐஎஸ் ராஸ்டர் கால்குலேட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

### தலைகீழாக: தண்ணீர் பச்சை, காடு வறட்சி

பட்டையை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். சென்டினல்-2-க்கு அகச்சிவப்பு 8, சிவப்பு 4. லாண்ட்சாட் 8, 9-க்கு 5, 4. லாண்ட்சாட் 5, 7-க்கு 4, 3. நீர்க் குறியீடான என்டிடபிள்யூஐ-இல் ஏரி எதிர்மறையாக வந்தால் வேறு விஷயம்: அந்தப் பெயரில் இரண்டு குறியீடுகள் இருக்கின்றன. திறந்த நீருக்குப் பச்சையும் அகச்சிவப்பும் (3, 8), இலையின் ஈரத்துக்கு அகச்சிவப்பும் குறுஅலை அகச்சிவப்பும் (8, 11).

### பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் நடுவே திடீர்ச் சரிவு

காடு அழிந்துவிட்டது என்று அறிக்கை எழுதும் முன் இதைப் படியுங்கள். சென்டினல்-2 தரவின் செயலாக்கப் பதிப்பு 04.00 முதல், அதாவது 2022 ஜனவரி 25 முதல், ஒவ்வொரு பிக்சல் மதிப்போடும் 1000 கூட்டித் தரப்படுகிறது. கழிக்காமல் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்று ஒரே ஒரு பிக்சலில் பாருங்கள். கோப்பில் சிவப்பு 1500, அகச்சிவப்பு 4000. அப்படியே போட்டால், கழித்த விடையைக் கூட்டிய விடையால் வகுக்க, 2500 வகுத்தல் 5500, விடை 0.45. இரண்டிலும் 1000 கழித்தால் சிவப்பு 500, அகச்சிவப்பு 3000. 2500 வகுத்தல் 3500, விடை 0.71. தரையில் ஓர் இலைகூட உதிரவில்லை, வரைபடத்தில் அடர்ந்த காடு புதர்க்காடாகிவிட்டது.

சரிபார்க்க வேண்டியது:

1. படம் எடுத்த தேதியை நம்பாதீர்கள். பழைய படங்களையும் திரும்பச் செயலாக்கி வெளியிட்டிருக்கிறார்கள். கோப்புப் பெயரில் "என்" என்ற எழுத்தையடுத்து வரும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 0400 அல்லது அதற்கு மேல் என்றால் 1000 கூட்டப்பட்டிருக்கிறது.
2. சில தளங்கள் இந்த 1000-ஐக் கழித்துவிட்டே தருகின்றன. ஆழமான தெளிந்த நீர் அல்லது மலை நிழலில் அகச்சிவப்புப் பட்டையின் மதிப்பைச் சொடுக்கிப் பாருங்கள். 1000-ஐ ஒட்டி இருந்தால் கழிக்கவில்லை, சில நூறுகளில் இருந்தால் கழித்தாயிற்று. இரண்டாம் முறை கழித்துவிடாதீர்கள்.
3. மதிப்பு 0 என்பது தரவில்லாத பிக்சல். அதை முதலில் மறைத்துவிட்டுப் பிறகு கழியுங்கள், இல்லையேல் படத்தின் ஓரமெல்லாம் -1000 ஆகும்.

லாண்ட்சாட் தொகுப்பு 2, நிலை 2 தரவுக்கும் இதே கதை வேறு எண்களில். கோப்பு மதிப்பை 0.0000275-ஆல் பெருக்கி 0.2 கழிக்க வேண்டும். அதாவது 7273 என்ற மதிப்புதான் அங்கே சுழியம். இதைச் செய்யாமல் லாண்ட்சாட்டையும் சென்டினலையும் ஒரே வரைகோட்டில் போடவே கூடாது.

### அங்கங்கே திட்டுத் திட்டாகக் குறைவு

மேகமும் மேக நிழலும். சென்டினல்-2-இன் எஸ்சிஎல் (பிக்சல் வகை) அடுக்கில் 3 (நிழல்), 8, 9 (மேகம்), 10 (மெல்லிய மேகம்) ஆகியவற்றை மறையுங்கள். அந்த அடுக்கு 20 மீட்டர், பட்டைகள் 10 மீட்டர், ஆகவே மறுமாதிரிக்கு (பிக்சல் அளவை மாற்ற) நியரஸ்ட் நெய்பர் (மிக அருகிலுள்ள பிக்சலின் மதிப்பையே எடுப்பது) மட்டும். லாண்ட்சாட்டின் கியூஏ பிக்சல் அடுக்கு பிட் கணக்கில் இருக்கிறது: 3-ஆம் பிட் மேகம், 4-ஆம் பிட் நிழல். லாண்ட்சாட் 8, 9-இல் 21824 என்றால் தெளிவான நிலம். மேகத்தின் விளிம்பு எப்போதும் கொஞ்சம் தப்பிவிடும், மறைப்பைச் சுற்றி இரண்டு மூன்று பிக்சல் கூடுதலாக விரித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றம் தெரிந்தால், இரு படங்களும் ஒரே மாதத்தைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். அதற்கும் மேல் சந்தேகமிருந்தால் தொலையுணர்வு தெரிந்தவரிடம் கொடுங்கள். இழப்பீடு, அனுமதி ரத்து என்று விளைவு உள்ள அறிக்கையானால் களச் சோதனையில்லாமல் போகவே வேண்டாம்.

## அறிகுறி 6: நிலப்பரப்பு வரைபடத்தில் இல்லாத வகைகள் முளைத்திருக்கின்றன

வேர்ல்டுகவரில் மரம் 10, புதர் 20, புல் 30, பயிர் 40, கட்டடம் 50. இவை பெயர்களுக்கு வைத்த எண்கள், அளவுகள் அல்ல. ரீபுரொஜெக்ட் செய்யும்போது மறுமாதிரி முறை பைலீனியர் என்று இருந்தால் கருவி பக்கத்துப் பிக்சல்களைச் சராசரி எடுக்கும். பயிருக்கும் கட்டடத்துக்கும் நடுவில் 45 வரும். அப்படி ஒரு வகையே இல்லை என்பதால் அதைக் கண்டுபிடித்துவிடலாம். மரமும் கட்டடமும் தொடும் இடத்தில் 10-க்கும் 50-க்கும் சராசரி 30, அதாவது புல்வெளி. ஊரைச் சுற்றிலும் மெல்லிய புல் வளையம் தோன்றும், யாருக்கும் சந்தேகம் வராது.

சோதனை: "ராஸ்டர் லேயர் யூனிக் வேல்யூஸ் ரிப்போர்ட்" ஓட்டி, பட்டியலில் இல்லாத எண் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் முழுக் கோப்பையும் தூக்கி எறிந்துவிட்டு, மூலத்திலிருந்து நியரஸ்ட் நெய்பர் வைத்துத் திரும்பச் செய்யுங்கள். உயரம், மழை, வெப்பம் போன்ற தொடர் மதிப்புகளுக்குத்தான் பைலீனியர்.

## அறிகுறி 7: வார்டு வாரி சராசரி எதிர்மறை, அல்லது காலி

சராசரி உயரம் -4,000 என்று வந்தால் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவில் தரவில்லாத பிக்சலைக் குறிக்கும் -32768 கணக்கில் சேர்ந்திருக்கிறது. "டிரான்ஸ்லேட்" கருவியில் "அசைன் நோடேட்டா" கட்டத்தில் அந்த எண்ணைக் கொடுத்துப் புதிய கோப்பு எழுதுங்கள். நிலைய அளவீட்டு சிஎஸ்விகளில் -999, -9999 இதே வேலையைச் செய்யும். காலி வந்தால் அந்தப் பலகோணம் (வார்டு எல்லை) ராஸ்டருக்கு (பிக்சல் படத்துக்கு) வெளியே இருக்கிறது. நிலப்பரப்பு வகைகளுக்குச் சராசரி எடுப்பதில் பொருளே இல்லை, "சோனல் ஹிஸ்டோகிராம்" பயன்படுத்துங்கள்.

## அறிகுறி 8: உயரத் தரவில் விபரீதம்

சரிவு எங்கும் 90 பாகைக்குப் பக்கம். கிடைமட்டம் பாகையில், உயரம் மீட்டரில். யூடிஎம்முக்கு மாற்றுங்கள். அவசரத்துக்கு ஜிடால் சரிவுக் கருவியில் விகிதம் 111120 கொடுக்கலாம், நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகத் தப்பு கூடும்.

ஓடை பாதியில் நிற்கிறது, பாலத்தில் முட்டித் திரும்புகிறது. முதலில் குழிகளை நிரப்புங்கள். அல்லது கிராஸ் தொகுப்பின் ஆர் வாட்டர்ஷெட் கருவியை எடுங்கள், அதற்கு நிரப்பத் தேவையில்லை. பாலமும் சாலைக் கரையும் அணை போலத் தெரிகின்றன என்றால், ஓபன்ஸ்ட்ரீட்மேப் ஓடைக்கோட்டை ராஸ்டராக்கி அந்தப் பிக்சல்களில் 5 மீட்டர் போலக் கழித்துவிட்டு ஓட்டுங்கள். தட்டையான நிலத்தில் இதைச் செய்தே ஆக வேண்டும்.

ஜிபிஎஸ் உயரத்தோடு பல பத்து மீட்டர் வித்தியாசம். ஜிபிஎஸ் நீள்கோளத்திலிருந்து அளக்கிறது, எஸ்ஆர்டிஎம் ஈஜிஎம்96-ஐயும், கோப்பர்நிகஸ் டெம் என்ற உயரத் தரவு ஈஜிஎம்2008-ஐயும் (இரண்டும் கடல்மட்ட மாதிரிகள்) அடிப்படையாகக் கொண்டவை. இடத்தைப் பொறுத்து வித்தியாசம் -106 முதல் +85 மீட்டர் வரை போகும்.

இரண்டு தரவுமே மேற்பரப்பு மாதிரிகள். மர உச்சியும் கூரையும் தரையாகக் கணக்காகும். கோப்பர்நிகஸ் 30 மீட்டர் தரவின் செங்குத்துத் துல்லியம் 4 மீட்டருக்குள், எஸ்ஆர்டிஎம்முக்கு 16 மீட்டருக்குள் என்பதே இலக்கு வரம்பு. இதை வைத்து "இந்தத் தெருவில் ஒன்றரை மீட்டர் வெள்ளம் ஏறும்" என்று சொல்ல முடியாது. வெள்ளக் கோடு, வடிகால் வடிவமைப்பு என்று வந்தால் நீரியல் பொறியாளரும் தரை அளவீடும் வேண்டும்.

## அறிகுறி 9: காற்றுத்தர வரைபடத்தில் ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் வட்டம் வட்டமாக

ஐடிடபிள்யூ இடைக்கணிப்பின் (அருகிலுள்ள நிலையத்துக்கு அதிக எடை தந்து நடுவிடங்களை நிரப்பும் முறை) கையெழுத்து இது. நிலையங்கள் போதவில்லை என்று பொருள். அடுக்கெண்ணை மாற்றிப் பார்ப்பதில் நேரத்தைக் கொட்ட வேண்டாம். பத்துப் பதினைந்து நிலையங்கள்தான் என்றால் வண்ணப் பரப்பே வேண்டாம், புள்ளிகளாகவே காட்டுங்கள். ஒரே ஒரு நிலையத்தில் மட்டும் உச்சம் என்றால் நேரத்தைப் பாருங்கள்: ஒன்று யூடிசி (உலகப் பொது நேரம்), மற்றவை உள்ளூர் நேரம் என்று கலந்திருக்கலாம். விலை குறைந்த ஒளிச்சிதறல் உணரிகள் ஈரப்பதம் மிகுந்த விடியற்காலையில் நுண்துகளைக் கூட்டிக் காட்டும், அதே நேரத்து ஈரப்பத நெடுவரிசையோடு ஒப்பிடுங்கள். அரசு நிலையம் ஒன்றின் அருகே சில வாரம் வைத்துத் திருத்தம் காண்பதுதான் அடுத்த படி.

## அறிகுறி 10: ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவு பாதியில் நிற்கிறது, அல்லது ஏரி காணோம்

பிழை எண் 429 என்றால் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டீர்கள், சில நிமிடம் பொறுங்கள். 504 அல்லது நேரம் கடந்தது என்றால் பரப்பு பெரிது. ஓவர்பாஸின் இயல்பு வரம்பு 180 விநாடி. பெட்டியை நான்காகப் பிரித்துக் கேளுங்கள், மாநில அளவுக்கு ஜியோஃபேப்ரிக் தளத்தின் தொகுப்பை இறக்குவதுதான் முறை.

ஏரி இல்லை என்றால்: பெரிய ஏரிகள் ரிலேஷனாக (பல கோடுகளின் தொகுப்பாக) வரையப்பட்டிருக்கும், வே (தனிக் கோடு) மட்டும் கேட்டால் வராது. குறிச்சொல்லும் ஒன்றல்ல. நீர்த்தேக்கம் ஓரிடத்தில் லேண்ட்யூஸ்=ரிசர்வாயர், இன்னோரிடத்தில் நேச்சுரல்=வாட்டர். காட்டுக்கு லேண்ட்யூஸ்=ஃபாரஸ்ட், நேச்சுரல்=வுட் இரண்டையும் கேளுங்கள். இத்தனைக்கும் பிறகு இல்லையென்றால் யாரும் வரையவில்லை. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து நீங்களே வரைந்து சேருங்கள், அடுத்தவருக்கும் உதவும்.

## அறிகுறி 11: தமிழ் எழுத்து கட்டங்களாக, நெடுவரிசைப் பெயர் வெட்டுப்பட்டு

சிஎஸ்வி என்றால் சேர்க்கும்போது குறியாக்கத்தை யூடிஎஃப்-8 ஆக்குங்கள். ஷேப்ஃபைல் என்றால் சோர்ஸ் தாவலில் மாற்றுங்கள், குறியாக்கத்தைச் சொல்லும் சிபிஜி கோப்பு கூடவே வந்ததா என்றும் பாருங்கள். ஆனால் வெட்டுப்பட்டதை மீட்க முடியாது. ஷேப்ஃபைலில் நெடுவரிசைப் பெயருக்கு 10 பைட்டுதான். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், புள்ளியும் கொம்பும் தனிக் குறிகள். "நிலத்தடி" என்று பெயர் வைத்தால் "நில" மட்டுமே மிஞ்சும். உரைக்கட்டமும் 254 பைட், அதாவது 84 குறி. தமிழில் வேலை செய்பவர்கள் ஜியோபேக்கேஜ் கோப்பு வகைக்கு மாறிவிடுவதே உத்தமம். அதை மட்டும் பகிர்ந்த வலையமைப்பு இயக்ககத்தில் வைத்து இருவர் ஒரே நேரத்தில் திருத்தாதீர்கள், "டேட்டாபேஸ் இஸ் லாக்டு" என்று நின்றுவிடும்.

## அறிகுறி 12: "இன்வாலிட் ஜியாமெட்ரி" என்று கருவி நிற்கிறது

"செக் வாலிடிட்டி" ஓட்டிப் பிழைப் புள்ளிகளைப் பாருங்கள், பிறகு "ஃபிக்ஸ் ஜியாமெட்ரீஸ்". சுழியப் பஃபர் வித்தை பழையது. தன்னைத் தானே வெட்டிக்கொண்ட பட்டாம்பூச்சி வடிவில் ஒரு சிறகை விழுங்கிவிடும். திருத்துவதற்கு முன்னும் பின்னும் மொத்தப் பரப்பை ஒப்பிடுங்கள். ஒரு சதவீதத்துக்கு மேல் மாறினால் அந்தப் பலகோணங்களைக் கையால் திருத்துங்கள்.

## அறிகுறி 13: மென்பொருள் ஊர்கிறது, விழுகிறது

வெக்டருக்கு (புள்ளி, கோடு, பலகோண அடுக்கு) ஸ்பேஷியல் இண்டெக்ஸ், ராஸ்டருக்கு பிரமிட்ஸ் உருவாக்குங்கள். வேலைப் பகுதியை வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் விழுந்தால் செட்டிங்ஸ், யூசர் புரொஃபைல்ஸ் வழியே புதிய சுயவிவரத்தில் திறங்கள். அதில் ஓடினால் குற்றவாளி ஏதோ ஒரு பிளகின் (கூடுதல் செருகுநிரல்), ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். புதிய சுயவிவரத்திலும் அதே கோப்பில் மட்டும் விழுந்தால் கோப்பு பாதியில் இறங்கியிருக்கிறது. தளம் காட்டும் அளவோடு பைட்டை ஒப்பிட்டுவிட்டுத் திரும்ப இறக்குங்கள். நினைவகம் வாங்கும் யோசனை அதற்குப் பிறகு.